கான்ட்ரா போல என்றார்கள், 899 ரூபாய் போனது

தொண்ணூறுகளில் டிவியில் கேசட் செருகி வீடியோ கேம் ஆடியவர்கள், அதே பழைய பாணியில் வரும் புதுக் கேமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் மணிக்கு 10 ரூபாய். அண்ணனும் நானும் ஆளுக்கு 5 ரூபாய் போட்டு கான்ட்ரா ஆடுவோம். ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் கேம், கோனாமி நிறுவனம் 1987இல் உருவாக்கியது. ஒரு குண்டு பட்டால் உயிர் போய்விடும். மூன்றே உயிர்கள். ஆனாலும் ஏமாற்றிவிட்டது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பொத்தானை அழுத்திய கணத்தில் ஆள் எழும்புவான். செத்தால் தப்பு என் விரலுடையது.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் திருப்பூரிலிருந்து வருகிறார் என்று, அதே பாணியில் புதிதாக வந்த ஒரு கேமை இணையத்தில் வாங்கினேன். ட்ரெய்லரில் இரண்டு வீரர்கள், அருவி, சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன பழைய பாணிப் படங்கள். முதல் கட்டம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாம் கட்டத்தில் நகரும் பலகைகள் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. பொத்தானை அழுத்தினால் ஆள் முதலில் குனிகிறான், பிறகுதான் எழும்புகிறான். அதற்குள் பலகை நழுவிவிடுகிறது. "நமக்கு வயதாகிவிட்டதடா" என்றார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி கைப்பேசியில் நொடிக்கு 240 படங்கள் வீதம் பதிவு செய்து ஒவ்வொன்றாக எண்ணினேன். விரல் அழுத்தியதிலிருந்து கால் தரையை விட்டு எழ 31 படங்கள். ஏறக்குறைய எட்டில் ஒரு நொடி. அதே டிவி, அதே கன்ட்ரோலர், வேறொரு கேம்: 14 படங்கள்தான். அண்ணன் கையில் எந்தக் குறையும் இல்லை.

மூன்றாம் கட்டம் எரியும் நகரம். பின்னணியும் ஆரஞ்சு, எதிரியின் குண்டும் ஆரஞ்சு. கான்ட்ரா வந்த அந்தப் பழைய வீட்டுக் கருவி ஒரே நேரத்தில் திரையில் காட்டக்கூடியது சுமார் 25 நிறங்கள். அதற்குள்ளேயே குண்டு கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. கோடிக்கணக்கான நிறங்கள் கையில் இருந்தும் இவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. கட்டத்தின் நடுவே சேமிக்கவும் வழியில்லை. மின்சாரம் நின்றால் மறுபடி முதலிலிருந்து.

கேமை விற்ற இணையக் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் தருவார்களாம். எங்கள் கணக்கில் 2 மணி 40 நிமிடம் ஓடியிருந்தது. அதில் அரை மணிக்கு மேல், தாண்டிச் செல்லவே முடியாத கதைக் காட்சிகள்! தயாரித்தவர்களுக்கு எழுதினேன். அந்தக் காலத்துக் கடினத்தை அப்படியே தந்திருப்பதாகப் பதில் வந்தது. காசு போனதைவிட இதுதான் என்னைச் சுட்டது. அந்தக் கடினத்தில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்களிடமா இதைச் சொல்வது?

இப்படி ஒன்றை வாங்கியே தீருவீர்கள் என்றால் முதல் கட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நேராக இரண்டாம் கட்டத்துப் பலகைகள் வரை போய்ப் பாருங்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்த நேரமும் கணக்கில் ஏறுகிறது.