மூன்று மணி நேரம், பன்னிரண்டு துண்டுச் சீட்டு, ஐந்துக்கு மூன்றரை

குழந்தைப் புறக்கணிப்பு பற்றிச் சிங்கப்பூரில் தமிழிலேயே நடந்த ஒரு பயிலரங்குக்கு நான்கு மாதங்களுக்கு முன்னால் போய்வந்தேன். அடுத்த முறை நடக்கும்போது போகலாமா என்று எங்கள் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேர் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன். நடத்திய அமைப்பின் பெயரையும் எந்தச் சமூக மன்றம் என்பதையும் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அவர்கள் நல்ல மனதோடு செய்கிறவர்கள், பெயரைப் போட்டு இழுப்பானேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: சனிக்கிழமை காலையில் எங்கள் பேட்டையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், சம்பளம் இல்லாத வேலை. சமூக ஊழியர் இல்லை, ஆசிரியரும் இல்லை. அந்த மாதிரி ஆளுக்குத்தான் இந்தப் பயிலரங்கு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

கட்டணம் 15 வெள்ளி. அதற்கு ஒரு கறிபாப், தேநீர், ஒரு கோப்பு, ஒரு பேனா. முப்பது நாற்காலியில் இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், அதில் ஆண்கள் நான்கு பேர். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படவில்லையில் பெரிய எழுத்தில் 'புறக்கணிப்பு' என்று போட்டார்கள். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "யாரைம்மா புறக்கணிக்கணும், தேர்தலையா?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தோம், பயிற்றுநரும் சிரித்துவிட்டு அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார். எனக்கு அங்கேயே கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று தோன்றியது. புறக்கணிப்பது என்றால் நாம் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொள்வது. கல்யாணத்தைப் புறக்கணிப்போம், கூட்டத்தைப் புறக்கணிப்போம். வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை, யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை, சும்மா நடக்காமல் போகிறது. சாப்பாடு போடவில்லை, பல்லைப் பார்க்கவில்லை, எங்கே போனாய் என்று கேட்கவில்லை. இதற்கு நம் வாயில் இருக்கிற சொல் 'கண்டுக்காம விடுறது'. இன்னும் சொல்லப்போனால் 'தண்ணி தெளிச்சு விட்டாச்சு'. எத்தனை விசேஷ வீடுகளில் எத்தனை அம்மாக்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி, நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம்! நேர்ந்து விடுகிற ஆட்டின் மேல்தான் தண்ணீர் தெளிப்பார்கள் என்பது அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வருகிறது.

இனி துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். இந்தப் பயிலரங்கில் காசுக்குப் பெறுமானது என்று ஒன்றைச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

ஆறு மேசை, மேசைக்கு இரண்டு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. "இது கவலைப்பட வேண்டிய விஷயமா, இல்லையா? ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணுங்க" என்றார் பயிற்றுநர். எங்கள் மேசைக்கு வந்த முதல் சீட்டு: 'பள்ளிக் காலணி சிறியதாகிவிட்டது, பின்பக்கத்தை மடித்துப் போட்டு நடக்கிறாள்.' பிள்ளைகள் கால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வளரும், இது ஒரு விஷயமா என்று எழுதினோம். இரண்டாவது: 'பெற்றோர் சந்திப்புக்கு அம்மா வரவில்லை.' வேலை இருந்திருக்கும் என்று எழுதினோம். பக்கத்து மேசையில், மூக்குக்கண்ணாடி உடைந்து டேப் ஒட்டியிருக்கிறது. அதற்கடுத்ததில், வகுப்பில் பிறந்தநாள் கேக் கொடுத்தபோது பாதியைத் திசுத்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்றில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறாள், மூன்றாவது வாரம். ஆறு மேசையும் ஏறக்குறைய ஒரே பதில்தான், பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சீட்டுக்குத்தான், இரவு பத்து மணிக்கு விளையாட்டுத் திடலில் தனியாக இருந்தாள் என்பதற்கு, 'கொஞ்சம் கவலை' என்று ஒரு மேசை எழுதியிருந்தது.

பிறகு அவர் சீட்டுகளை எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றின் பின்புறமும் இருந்த தேதிப்படி சுவரில் வரிசையாக ஒட்டினார். ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை. "ஒரே பிள்ளை. ஒன்பது வயசு" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எங்கள் மேசையில் இருந்த அக்கா, கையில் வைத்திருந்த கறிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டார்.

புறக்கணிப்பு ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. அடி என்றால் அது ஒரு சம்பவம், தேதி இருக்கும், தழும்பு இருக்கும், செய்தித்தாளில் வரும். இங்கே சம்பவமே கிடையாது. பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு சீட்டு இருக்கிறது, ஆசிரியரிடம் ஒன்று, பலதுறை மருந்தகத் தாதியிடம் ஒன்று, எதிர்வீட்டுக்காரரிடம் ஒன்று, சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு நடத்துகிற என்னிடம் ஒன்று. அவரவர் சீட்டு அவரவர் பையில். சுவர்தான் இல்லை.

ஒரு சின்னக் குத்தல். சீட்டுகளில் பெரியவர்கள் என்று யாராவது வந்தால் அது அம்மாதான்: அம்மா வரவில்லை, அம்மா எடுக்கவில்லை, அம்மா பார்க்கவில்லை. அப்பா என்ற சொல்லே எந்தச் சீட்டிலும் இல்லை. கேட்டேன். "நல்ல பாயிண்ட்" என்றார் பயிற்றுநர், அவ்வளவுதான். நல்ல பாயிண்ட் என்றால் அடுத்த முறை சீட்டை மாற்றி எழுதுங்கள் மிஸ்.

அடுத்து வரலாறு. இதில் சுருக்கமாக முடித்திருக்கலாம், ஆனாலும் எனக்குப் புதிதாக இருந்ததால் சொல்கிறேன். 1962-இல் அமெரிக்காவின் டென்வரில் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும், அடிபட்ட குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களை ஆதாரமாக வைத்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆறிய முறிவு, பாதி ஆறிய முறிவு, புது முறிவு எல்லாம் ஒரே பிள்ளையின் எலும்பில். நாடே பதறியது, ஐந்தே ஆண்டில் எல்லா மாநிலங்களிலும் புகார் செய்வதற்கான சட்டங்கள் வந்துவிட்டன. பசிக்கும் தனிமைக்கும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா? 1984-இல் வோலக், ஹோரோவிட்ஸ் என்ற இருவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'புறக்கணிப்பைப் புறக்கணித்தல்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். நாற்பது வருடம் ஆகியும் தலைப்பு பழசாகவில்லை. இன்றும் அமெரிக்காவில் கொடுமைக்கு ஆளானதாக உறுதிசெய்யப்படும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்கினர் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள், அடிபட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பேச்சு மட்டும் நேர்மாறு.

பிறகு ருமேனியா. புக்கரெஸ்டின் அனாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு. படுக்கை இருந்தது, சாப்பாடு இருந்தது, முகத்தைப் பார்த்துப் பேச ஆள் இல்லை. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போன பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள், பிந்திப் போனவர்களுக்கு அந்த அளவு வரவில்லை. முக்கியமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு முழுசாக நாற்பது நிமிடம், சிங்கப்பூருக்கு இரண்டே படவில்லை! நாம் இருப்பது புக்கரெஸ்டிலா, புக்கிட் பாத்தோக்கிலா?

அந்த இரண்டு படவில்லையில் இருந்தது இது. சிறுவர், இளையர் சட்டத்தில் போதிய உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம், பராமரிப்பு கொடுக்காமல் விடுவதும் அடிப்பதைப் போலவே குற்றம். 2020-இலிருந்து 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு, முன்பு 16 வரைதான். சந்தேகம் வந்தால் 24 மணி நேரமும் 1800-777-0000 என்ற தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேசுவதற்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் என்ற உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது, 1800-2744-788. இது 1984-இலிருந்து இருக்கிறதாம், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாது.

கேள்வி நேரத்தில்தான் உண்மையான பயிலரங்கு நடந்தது. தேர்தலையா என்று கேட்ட அந்தப் பெரியவர் எழுந்தார். பாதுகாவலர் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, இரவு. மகன் வீட்டில் இல்லை, மருமகள் போய்விட்டார், பேரன் இவரோடு. "ஏம்மா, நான் ராத்திரி வேலைக்குப் போறேன், அவன் தனியாத்தான் தூங்குறான், பத்து வயசு. இப்ப நானும் உங்க லிஸ்டுல இருக்கேனா?" என்றார். சிரிக்கவில்லை இந்த முறை. பயிற்றுநர், அது சூழலைப் பொறுத்தது ஐயா, ஒவ்வொரு குடும்பமும் வேறுபடும் என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். நல்லவேளை, ஓரத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த சமூக ஊழியர் தம்பி ஒருவர் குறுக்கே வந்தார். "ஐயா, உதவி கிடைச்சா வாங்கிக்குவீங்களா?" என்று கேட்டார். ஏன் மாட்டேன் என்றார் பெரியவர். "அப்படின்னா அது வேற கதை. முடியாம விடுறதுக்கும் முடிஞ்சும் விடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனா பிள்ளைக்கு ரெண்டும் ஒரே ராத்திரிதான், அதனால உதவியைச் சீக்கிரம் கேளுங்க" என்று சொல்லி, குடும்பச் சேவை நிலையத்தில் என்ன கேட்கலாம், அரசாங்க நிதியுதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் நான் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

அவரே சொன்ன இன்னொன்று. பிள்ளையிடம் 'சாப்பிட்டியா?' என்று கேட்காதீர்கள். நாம் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகக் கேட்கிற கேள்வி அது, எந்தப் பிள்ளையும் 'ம்' என்றுதான் சொல்லும். 'என்ன சாப்பிட்டே? யாரு போட்டா?' என்று கேளுங்கள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியே சொல்கிறேன். தொடக்கநிலை மூன்று. பத்து மணி வகுப்புக்கு எட்டரைக்கே வந்து கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் நான்கு வயதுத் தங்கச்சி. நாற்காலி போடுவான், புத்தகம் அடுக்குவான், தங்கச்சிக்கு மூக்குத் துடைத்துவிடுவான். 'என்ன சமத்துப் பிள்ளை!' என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு வருடமாக என் பையில் சீட்டு இருந்திருக்கிறது, அதன் மேல் நான் 'சமத்து' என்று எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கேட்டேன். மேகி என்றான். நேற்று ராத்திரி? மேகி. யார் செய்தது? என்னை விநோதமாகப் பார்த்தான், இது கூடத் தெரியாதா என்பது போல. "நான்தான் அக்கா."

பயிலரங்கில் சொன்னபடி ஒரு நோட்டில் தேதி போட்டு ஒவ்வொரு வரி எழுதினேன், ஐந்து வாரம். அப்புறம் எங்கள் ஒருங்கிணைப்பாளரோடு அவன் அம்மாவைப் பார்க்கப் போனோம். காலையில் துப்புரவு வேலை, சாயங்காலம் ஒரு உணவுக்கடையில், வீடு வர நள்ளிரவு. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைங்களைத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?" இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று மணி நேரத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. கோப்பில் இருந்த கையேட்டிலும் இல்லை. நான் ஏதோ உளறினேன். ஒருங்கிணைப்பாளர்தான், "இல்லக்கா, நீங்க தூங்குறதுக்கு வழி பார்க்கத்தான் வந்தோம்" என்றார். கதவு முழுசாகத் திறந்தது.

குறைத்த ஒன்றரைப் புள்ளியில் ஒன்று அந்தக் கேள்விக்கு. மிச்சம் அரை, அப்பா இல்லாத சீட்டுகளுக்கும் ருமேனியாவுக்கும்.

இப்போது தங்கச்சி முழுநாள் பாலர் பள்ளிக்குப் போகிறாள், பையனுக்கு மாணவர் பராமரிப்பு நிலையத்தில் உதவிக் கட்டணத்தில் இடம் கிடைத்திருக்கிறது, குடும்பச் சேவை நிலையம் பார்த்துக்கொண்டது, ஆறேழு வாரம் ஆனது. சனிக்கிழமை வகுப்புக்கு அவன் இப்போதெல்லாம் பத்தேகாலுக்குத் தலைகூடச் சீவாமல் வருகிறான். போன வாரம் வரவே இல்லை. தூங்கிட்டான் என்று அவன் அம்மா குறுஞ்செய்தி அனுப்பினார். நாற்காலியெல்லாம் நான்தான் போட்டேன்.

போகிறவர்களுக்கு: போங்கள், துண்டுச் சீட்டுக்காகவே போகலாம். கேள்வி நேரத்தில் அந்தச் சமூக ஊழியர் தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இடப்பக்க நாற்காலிகளுக்கு மேல் ஏர்கான் நேராகத் தலையில் அடிக்கிறது.