எம்.எச்.ஏ.வா, எம்.பி.ஏ.வா, எம்.பி.எச்.சா? காரைக்குடி மேசையிலிருந்து ஒரு கணக்கு

மே மாதம் பிறந்தால் போதும், இந்தப் போன் வந்துவிடும். "அண்ணே, பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் படிக்கணுங்குது. எதுல சேக்கலாம்?" தேவகோட்டை, கானாடுகாத்தான், கொத்தமங்கலம் என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. காரைக்குடியில் 60 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 14 வருடமாக நிர்வாகம் பார்க்கிறேன், அதனால் என்னிடம் கேட்கிறார்கள். போனில் பாதி சொல்லிப் பாதி விடுவதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. எதிரே இருப்பது மூன்று முதுநிலைப் படிப்பு: எம்.எச்.ஏ. என்றால் மருத்துவமனை நிர்வாகம், எம்.பி.ஏ. என்றால் வணிக நிர்வாகம், எம்.பி.எச். என்றால் பொதுச் சுகாதாரம்.

படிப்புக்கு முன்னால் வேலையைப் பார்த்துவிடுவோம். போன மாதம் ஒரு வியாழக்கிழமை. புதுவயலில் இருந்து வந்த ஒரு ஐயாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆச்சி பத்தரை மணிக்கெல்லாம் தூக்கு, பிளாஸ்க், போர்வை எல்லாவற்றையும் வயர் கூடையில் அடுக்கிக்கொண்டு பில்லிங் கவுண்டருக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் கார் நிற்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கும் ஆச்சி அதே நாற்காலியில்தான் இருந்தார்.

இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கொயரி வந்திருந்தது. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "வீக்கம் இரண்டு வருடமாக" என்று எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆறு மாதமாக" என்று இருக்கிறது. எது சரி? குடலிறக்கத்துக்குப் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டு, அதாவது பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட காலம் ஆகும்வரை அதற்குப் பணம் கிடைக்காது. அதனால் அவர்கள் கேட்பது நியாயம்தான். டிஸ்சார்ஜுக்கான கடைசி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆனால் நாங்கள் பில்லை அனுப்பியதே பன்னிரண்டரைக்கு. பார்மசியிலிருந்து திருப்பின மருந்துக் கணக்கு வந்து சேரவில்லை. யாரைப் போய்க் குறை சொல்வது? ஐயாவிடம் மறுபடி உட்கார்ந்து கேட்டு, சர்ஜனிடம் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்பியபோது மணி நாலு.

இந்த ஒரு மத்தியானத்தை வைத்தே மூன்று படிப்பையும் எடை போட்டுவிடலாம்.

எம்.எச்.ஏ. படித்தவருக்கு அந்தக் கேஸ் ஷீட் எந்தெந்தக் கை மாறி வந்தது என்று தெரியும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், பார்மசி, ஸ்டோர்ஸ், ஆபரேஷன் தியேட்டர், மருத்துவமனைக் கட்டட அமைப்பு, மருத்துவச் சட்டம், தரச் சான்று என்று இரண்டு வருடமும் மருத்துவமனையைப் பற்றியேதான் பாடம். நடுவில் ஒரு மருத்துவமனையில் துறை துறையாகப் போய் நிற்க வேண்டும். என் கணக்கில் இந்தப் படிப்பின் உயிரே அந்தப் பயிற்சிதான். தியேட்டர் வாசலில் நின்று, ஒரு ஆபரேஷனுக்கும் அடுத்ததுக்கும் இடையே எத்தனை நிமிடம் வீணாகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதியவருக்கும், அதைப் புத்தகத்தில் படித்தவருக்கும் முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

நல்ல இடம் வேண்டுமென்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி எய்ம்ஸில் இருப்பது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு மட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சென்னை, கோவைப் பக்கத் தனியார் கல்லூரிகளில் தாராளமாக இடம் கிடைக்கும். பணமும் தாராளமாகப் போகும். அங்கேதான் கவனம் வேண்டும். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரியில் எம்.எச்.ஏ. படிப்பது குளம் இல்லாத ஊரில் நீச்சல் கற்றுக்கொள்கிற கதை.

எம்.பி.ஏ. படித்தவருக்கு அந்த மத்தியானத்தில் வேறொன்று கண்ணில் படும். இப்படி இன்சூரன்ஸில் மாட்டி நிற்கிற பணம் மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளாக, அதற்குள் மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு? இது லேசான விஷயம் இல்லை. நம் பக்கத்தில் பெரும்பாலானவை ஒரு டாக்டர் குடும்பம் நடத்துகிற 30, 50, 80 படுக்கை நர்சிங் ஹோம்கள். அங்கே முதலாளி டாக்டர் தூக்கம் கெடுவது இந்தப் பண ஓட்டத்தால்தான். ஆனால் பொது எம்.பி.ஏ.வில் மருத்துவமனை என்பது கடைசி வருடத்தில் இரண்டு மூன்று விருப்பப் பாடம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சோப்பு விற்கிறவருக்கும் பொதுவான பாடம். அதிலும் ஒரு லாபம் உண்டு. மருத்துவமனை பிடிக்கவில்லை என்றால் வங்கிக்கோ மில்லுக்கோ போய்விடலாம், எம்.எச்.ஏ.வில் அந்த வழி குறுகல்.

தொலைநிலைக் கல்வி பற்றிக் கேட்காமல் யாரும் போனை வைப்பதில்லை. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் தொடங்கிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், நம்மூரிலேயே 1985-ல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம் ஒரு பக்கம் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தப் பாசமே உண்டு. பாசம் இருக்கட்டும். சேருகிற வருடத்துக்கு அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று 2025-ல் யுஜிசி நிறுத்திவைத்ததை மறக்க வேண்டாம்.

நான் படித்ததும் தொலைநிலை எம்.பி.ஏ.தான். பெயர் வேண்டாம். முதல் செமஸ்டர் பரீட்சை எழுதி முடித்த மறு வாரம் புத்தகப் பார்சல் வந்தது. பாஸாகிவிட்டேன், அதுதான் வேடிக்கை. பகலெல்லாம் வார்டில் நின்றதால் எழுத ஏதோ இருந்தது. ஏற்கெனவே மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிறவருக்கு இது போதும். கல்லூரியை விட்டு நேராக வருகிற பிள்ளைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எம்.பி.எச். படித்தவர் அந்த ஆச்சியின் பில்லைத் தொடவே மாட்டார். "இந்த வருடம் புதுவயல் பக்கத்திலிருந்து எத்தனை குடலிறக்கம் வந்தது? ஏன் இரண்டு வருடம் தள்ளிப்போட்டார்கள்? அதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்பார். நல்ல கேள்விகள். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் நர்சிங் ஹோம் முதலாளி இல்லை, அரசாங்கமும் ஆராய்ச்சி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1997 முதல் எம்.பி.எச். நடக்கிறது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரியில் ஜிப்மர். மூன்றும் அரசு நிறுவனங்கள், தனியாரோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, ஆனால் இடமும் குறைவு. புள்ளியியல் என்றால் பயப்படாத, கிராமம் கிராமமாக அலைய யோசிக்காத பிள்ளைக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. ஊரில் ஒரு ஏசி அறையும் மேனேஜர் பலகையும் வேண்டுமென்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்கு முதுநிலை டிப்ளமா ஒன்று இருக்கிறது. சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருக்கிற டாக்டருக்கு அது பொருத்தம், இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

சரி, என் தீர்ப்பு எது என்றால், 25 வயதுக்குள் இருந்து, முழுநேரமாகப் படிக்க வசதியும் இருந்தால் எம்.எச்.ஏ. அதுவும் மருத்துவமனையோடு ஒட்டிய கல்லூரியில். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்தில் எந்தப் பையனையும் நேராக மேலாள் ஆக்கவில்லை. தொழில் பழகுகிற பெட்டியடிப் பையனாக உட்காரவைத்தார்கள், அப்புறம் உதவிக்கு நிற்கிற அடுத்தாள், அப்புறம்தான் கடையை நடத்துகிற மேலாள். ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) போடத் தெரியாதவன் கையில் கடைச் சாவி போகாது. பயிற்சி இல்லாத எம்.எச்.ஏ. சான்றிதழோடு வந்து "மேனேஜர் வேலைதான் வேண்டும்" என்று என் எதிரே உட்கார்கிறவர்களைப் பார்க்கும்போது அந்தப் பெட்டியடி மேசைதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. படிக்கப் போகுமுன் ஒருநாள் மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், காலை ஓபியில் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். தியேட்டருக்குள் ஒரு சர்ஜன், இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். ஹார்வர்டில் பாடமாக வைத்திருக்கிறார்கள், நமக்கோ இரண்டரை மணி நேரப் பயணம். மருத்துவமனை நிர்வாகிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே 1992-ல் லைக்கோ என்று ஒரு நிறுவனத்தையும் அங்கே தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தையும் வரிசையையும் பார்த்து உற்சாகம் வருகிறதா, தலைவலி வருகிறதா என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

பள்ளத்தூரில் இருந்து போன வாரம் அப்பாவோடு வந்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். வழவழப்பான ஒரு ப்ராஸ்பெக்டஸ் வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம், அடுத்த பக்கத்தில் கோட் போட்ட பிள்ளைகள். பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், எத்தனை துறை என்று மூன்று கேள்வியை எழுதிக் கொடுத்தேன். நேற்று சாயங்காலம் போன் செய்தாள்.

"அண்ணே, பயிற்சிக்கு டை-அப் இருக்குங்கறாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா, சேந்ததுக்கு அப்புறம் சொல்றோம்ங்கறாங்க."

"பணம் கட்டிட்டியாம்மா?"

"இல்லண்ணே. அப்பா மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. காலைல எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

ஏழு மணிக்கு இருக்கச் சொன்னேன்.