லீவரா, ராட்செட்டா: லோடு செயினை இறுக்க எதை வாங்குவது?

கடலூர் சிப்காட் பக்கம் நான் போய்வரும் யார்டுகளில், ட்ரெய்லரில் ஏற்றிய லோடைக் கட்டும் செயினை இறுக்க முதலில் கைக்கு வருவது லீவர் பைண்டர்தான், அதாவது கைப்பிடியை அமுக்கிச் செயினை இழுத்துப் பூட்டும் கருவி. விலை குறைவு, ஒரே அமுக்கில் வேலை முடிந்துவிடும். எங்கள் வண்டிகளுக்கும் பல வருஷம் அதைத்தான் வாங்கினேன். இன்று எங்கள் மூன்று ட்ரெய்லரில் ஒன்றில்கூட அது கிடையாது.

ஐப்பசி மழை நாளில் ஒரு பொக்லைனை இறக்கப் போயிருந்தோம். கிளீனர் தம்பி லீவரின் கைப்பிடியில் இரண்டடி பைப்பைச் சொருகித் தூக்கினான். வழியில் பொக்லைன் கொஞ்சம் நகர்ந்திருந்ததால், கட்டியபோது இருந்ததைவிடச் செயின் விறைப்பாக இருந்தது. வெளியே பார்த்தால் அது தெரியாது. “தம்பி, மூஞ்சிய எட்டி வைடா” என்று டிரைவர் அண்ணன் கத்தி முடிப்பதற்குள் பைப் தாடையில் அடித்துவிட்டது. இரண்டு பல் போயின. தாடையில் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் கஞ்சிதான்.

தம்பியைத் திட்டிப் பயனில்லை, அந்தக் கருவி வேலை செய்யும் விதமே அப்படி. கைப்பிடி, செயின் இழுக்கும் நடுக்கோட்டைத் தாண்டிச் சாய்ந்ததும் செயினின் இழுவிசையே அதைப் பூட்டி வைக்கிறது. திறக்கும்போது அதே கோட்டை எதிர்ப்பக்கமாகத் தாண்ட வேண்டும். தாண்டிய நொடியில் செயினில் தேங்கியிருந்த விசை மொத்தமும் கைப்பிடியில் வந்து இறங்கும். பைப் மாட்டினால் நீளம் கூடி, அடியும் பெரிதாகிறது. பைப் இல்லாமல் திறக்க முடியாத அளவுக்கு இறுகிய லீவர் என்றால், அதன் எதிரே ஆள் நிற்கவே கூடாது.

ராட்செட் பைண்டரில் நடுவே பல்சக்கரம், இரு பக்கமும் மரை. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட இரண்டு கொக்கிகளும் நெருங்கி வரும். தளர்த்துவதும் அதே போல ஒவ்வொரு பல்லாகத்தான். விசை மரையில் தங்குகிறது, கைப்பிடிக்குத் திரும்பி வருவதில்லை. கையால் கொடுக்கும் அழுத்தம் லீவரில் சுமார் 25 மடங்காகும் என்றால், ராட்செட்டில் சுமார் 50 மடங்கு என்று கணக்குச் சொல்வார்கள். அதனால் பைப் தேடும் எண்ணமே வராது.

குறை இல்லாமல் இல்லை. எடை அதிகம், விலை அதிகம், நேரமும் பிடிக்கும். நம் ஊரில் கூடுதலாக ஒரு தொல்லை, உப்புக் காற்று. பழைய துறைமுகம் பக்கம் நாலு நாள் வண்டி நின்றால் மரையில் சிவப்புப் பூத்துவிடும். மாதம் ஒரு தடவை மரையை முழுதும் வெளியே ஓட்டி, மண்ணைத் துடைத்து, கிரீஸ் வைக்கிறோம். லீவருக்கு அந்த வேலை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தாடைக்கு அரை மணி நேரக் கிரீஸ் வேலை எவ்வளவோ தேவலை.

சிலர் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் லீவர் செயின் பிளாக்கையே கொண்டுவந்து கட்டிவிடுகிறார்கள். அது தூக்கவும் இழுக்கவும் செய்த சாமான். சாலை அதிர்வில் நூறு கிலோமீட்டர் தொங்கிக்கொண்டு வருவதற்காகச் செய்ததல்ல. வேண்டாம்.

பெல்ட்டை ஒதுக்கிவிட முடியாது. பெட்டி, டிரம், மூட்டைக்கு 50 மில்லிமீட்டர் ராட்செட் பெல்ட்தான் சரி, செயின் போட்டால் சரக்கு நசுங்கும். ஆனால் லேபிளைப் பாருங்கள். நீலம் என்றால் பாலியெஸ்டர், பச்சை என்றால் நைலான். பாலியெஸ்டர் அமிலத்தைத் தாங்கும், காஸ்டிக் சோடா பட்டால் கெடும். நைலான் இதற்கு நேர்மாறு. கெமிக்கல் டிரம் ஏற்றும் சிப்காட் வண்டிகளுக்கு இந்த ஒரு விஷயம் உயிர் போன்றது. லேபிள் கிழிந்த பெல்ட்டை நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

எதை வாங்கினாலும் அதன் தாங்கும் அளவு செயினுக்கு ஈடாக இருக்க வேண்டும். சடன் பிரேக்கில் லோடு தன் எடையில் 0.8 மடங்கு விசையோடு முன்னே பாயும் என்பதுதான் ஐரோப்பிய விதியின் கணக்கு. 20 டன் பொக்லைன் என்றால் 16 டன். கிரேடு 80 (செயினின் பலத்தைச் சொல்லும் தரம்), 10 மில்லிமீட்டர் செயின் ஒன்று சுமார் 6.3 டன் தாங்கும். நான்கு மூலையில் கட்டினால், முன்னே பாயாமல் பிடிப்பவை இரண்டுதான். இரண்டும் சேர்ந்து 12.6 டன், செயின் சாய்ந்து போவதால் அதிலும் குறையும். மீதியை உராய்வுதான் பிடிக்க வேண்டும். ட்ரெய்லரின் இரும்புத் தளத்தில் பொக்லைனின் இரும்புச் செயின்பட்டை வழுக்கும், உராய்வு 4 டன் கொடுத்தாலே பெரிது. அடியில் தகுந்த ரப்பர் விரிப்பு போட்டால் அது 12 டன் வரை போகும். பைண்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முதலாளிகள் இந்த விரிப்பை மறந்துவிடுவது எனக்கு ஆற்றாமை.

பழைய இரும்புக் கடைச் செயினில் கண்ணியின் மேல் 8 அல்லது 80 என்ற எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லை என்றாலோ, அறுந்த கண்ணியை வெல்டு வைத்து ஒட்டியிருந்தாலோ அது மாடு கட்டத்தான் ஆகும்.

இனி ஓட்டத்தில் தெரியும் வித்தியாசம். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் லோடு அமர்ந்து செயின் தளரும். அப்போது லீவரை முழுக்கத் திறந்து, அடுத்த கண்ணிக்கு மாற்றி, மறுபடி அமுக்க வேண்டும். ஒரு கண்ணி கூடினால் அதிகம், குறைந்தால் தளர்வு என்று மாட்டிக்கொள்வோம். ரோட்டோரத்தில் அந்த அடி வாங்கும் ஆபத்து இன்னொரு முறை. ராட்செட்டில் வேண்டிய பல் மட்டும் ஏற்றினால் போதும். சிதம்பரம் பக்கம் போகும் எங்கள் வண்டிகள் புதுச்சத்திரத்தில் டீக்கு நிற்கும். கிளாஸை வைத்துவிட்டுத் தம்பி நான்கு மூலையும் சுற்றி வருவான். போன வாரம் பின்பக்க இடது மூலையில் மூன்று பல் ஏறியது.