மெரூனா, காப்பியா, கறுப்பா: நம்ம ஊர்த் தேன் பாட்டிலுக்கு எந்த மூன்று நிறம்?

மார்த்தாண்டம் தேன், கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் என்று குமரி மாவட்டத்துச் சரக்கு எதற்கு லேபிள் போட்டாலும் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் டார்க்கா, ரிச்சா, நம்ம ஊரு மாதிரி இருக்கணும்." உடனே டிசைனரின் கை மூன்று செட்டுகளில் ஒன்றுக்குப் போகும். மெரூன், பொன்மஞ்சள், சந்தன வெள்ளை என்பது ஒன்று. காப்பிக்கொட்டை நிறம், செங்கல், அதே சந்தன வெள்ளை என்பது இன்னொன்று. மூன்றாவது கறுப்பு, மிளகாய்ச் சிவப்பு, மஞ்சள்.

இதில் பலர் எந்த இருட்டு நிறம் என்று முடிவு பண்ணுவதிலேயே நாளை ஓட்டுகிறார்கள். அது வீண் வேலை. மெரூனோ காப்பியோ, அதன்மேல் சந்தன வெள்ளையில் எழுதினால் இரண்டுமே பளிச்சென்று தெரியும். செட் தேறுமா தேறாதா என்பது நடு நிறத்தின் கையில்தான் இருக்கிறது, அதாவது பொன்மஞ்சள், செங்கல், மிளகாய்ச் சிவப்பு. அதில் எழுத முடியுமா, அதன்மேல் எழுத முடியுமா என்று பாருங்கள். இதற்கு ஒரு கணக்கும் உண்டு. இணையதளங்களை எல்லோரும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3. லேபிளுக்கு அது சட்டமில்லை, ஆனாலும் நல்ல உரைகல்.

முதலில் மெரூன் செட். மெரூன் (ஆர்ஜிபி, அதாவது திரையில் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு: 74, 14, 23) மேல் பொன்மஞ்சளில் (217, 164, 65) எழுதினால் விகிதம் 6.8, தாராளம். அதே பொன்மஞ்சளைச் சந்தன வெள்ளை (246, 233, 210) மேல் போட்டால் 1.9, விலை கூடத் தெரியாது. அதாவது இந்தப் பொன் இருட்டின் மேல் மட்டும்தான் வேலைக்கு ஆகும். அப்புறம் இன்னொன்று, திரையில் நீங்கள் மனசுக்குள் பார்க்கிற தங்கம் நான்கு வண்ண அச்சில் வராது, ஃபாயிலோ மெட்டாலிக் மையோ போடாவிட்டால் கடுகு மஞ்சளாகத்தான் வந்து நிற்கும். போதாததற்கு இது கல்யாண அழைப்பிதழும் நகைக்கடைப் பையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட செட். அன்பளிப்புப் பெட்டி என்றால் சரி, ஃபாயிலுக்குக் காசு இருந்தால் அழகாகவே இருக்கும். தினமும் விற்கிற அரைக் கிலோ பாட்டிலுக்கு வேண்டாம் என்பேன்.

கறுப்பு செட்டுக்கு ஊர்ப் பொருத்தம் அதிகம், குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்களின் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தே கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் லேபிளில் கறுப்பு (28, 22, 20) மேல் சிவப்பு (163, 32, 29) வெறும் 2.4. சிவப்பு சரியாகத் தெரியாத நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு அது இன்னும் இருண்டுபோகும். படிக்க வைக்கிற வேலை முழுக்க மஞ்சள் (242, 178, 51) தலையில் விழுகிறது. கறுப்பின் மேல் அது 9.5 தருகிறது, குறையில்லை, ஆனால் தலைப்பு, எடை, சேர்மானம் எல்லாமே மஞ்சளில் இருந்தால் கண் எங்கே போய் நிற்பது? இன்னொரு சங்கடம், கறுப்பை மேலேயும் சிவப்பைக் கீழேயும் வைத்தால் தமிழ்நாட்டில் அதை யாரும் டிசைன் என்று நினைக்க மாட்டார்கள், திமுக கொடி என்பார்கள். இந்த செட் உருப்படுகிற இடம் சிப்ஸ் பாக்கெட்தான். கவரில் ஒரு ஜன்னல் விட்டால் உள்ளே இருக்கிற நேந்திரங்காய் சிப்ஸே மஞ்சளைக் கொடுத்துவிடும், மை மிச்சம்.

என் ஓட்டு காப்பி செட்டுக்கு. பத்மநாபபுரம் அரண்மனை முற்றத்தில் நின்று பாருங்கள், கறுத்த மரம், மேலே ஓடு, இடையில் சுண்ணாம்புச் சுவர். அந்த வெள்ளை மட்டும் இல்லாவிட்டால் மரமும் ஓடும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு மங்கிவிடும். லேபிளிலும் அதே கதைதான். காப்பியும் (43, 26, 18) செங்கல்லும் (181, 83, 42) பக்கத்தில் நின்றால் 3.4, செங்கல்லும் சந்தன வெள்ளையும் 4.1. இரண்டு பக்கமும் பெரிய எழுத்துக்குப் போதும், சின்ன எழுத்துக்குப் போதாது. ஆகவே செங்கல்லைப் பட்டையாக, முத்திரையாக, பிராண்ட் பெயராக மட்டும் வையுங்கள். மற்றதெல்லாம் சந்தன வெள்ளையில் காப்பி எழுத்து, விகிதம் கிட்டத்தட்ட 14.

ஒரு நிறம் 60 சதவீதம், அடுத்தது 30, மூன்றாவது 10 என்று பிரிக்கிற 60-30-10 என்று ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறதே, அதில் 60 இருட்டுக்குத்தான் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தேன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடிக்குள் இருக்கிற தேனே கதகதப்பான இருட்டு, அதன்மேல் காப்பி நிற லேபிளை ஒட்டினால் ரேக்கில் லேபிளும் தெரியாது, பாட்டிலும் தெரியாது. அங்கே 60 சந்தன வெள்ளைக்கு, 30 காப்பிக்கு, மீதி செங்கல்லுக்கு. கருப்பட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறீர்கள் என்றால் சரக்கு வெளியே தெரியாது, அப்போது தாராளமாகக் காப்பியை 60 ஆக்கலாம்.

அச்சு விஷயத்தில் மூன்று செட்டுக்கும் ஒரே வியாதி. இருண்ட பின்னணியை நான்கு மையும் சேர்த்துக் கனமாக ஏற்றி, அதில் எழுத்தை வெள்ளையாக விட்டால், ஒரு மையின் அச்சுப் பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தோரத்தில் வேறு நிறக் கோடு எட்டிப்பார்க்கும். தமிழில் இது இரட்டிப்புத் தொல்லை, ணை, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் மை இறங்கி அடைத்துவிடும், அதுவும் பூச்சில்லாத தாளில் கேட்கவே வேண்டாம். சேர்மானப் பட்டியலை எப்போதும் வெளிர் பகுதியில் இருட்டு எழுத்தாகவே கொடுங்கள். கடைக்கு வெளியே ஃப்ளெக்ஸ் கட்டப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் முதலில் வெளிறுவது பெரும்பாலும் மஞ்சள் மையும் மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ் மையும்தான். செங்கல்லும் சிவப்பும் அந்த இரண்டில்தான் நிற்கின்றன, கறுப்பு தாக்குப்பிடிக்கும். ஆக, ஃப்ளெக்ஸில் கடைப்பெயரை நடு நிறத்தில் போடாதீர்கள்.

"செங்கல் பட்டைக்குள்ளேயே சின்ன எழுத்து வேணும்" என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் செங்கல்லை 160, 70, 34க்கு இறக்குங்கள். சந்தன வெள்ளை எழுத்து அதன்மேல் 5.2க்கு ஏறிவிடும். ஆனால் காப்பிக்குப் பக்கத்தில் அது 2.7க்கு இறங்கிவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சந்தன வெள்ளைக் கோடு விட்டு ஃபைலை அனுப்புங்கள்.