"அப்பா கொரியாவில் இருந்து கொண்டுவந்தது" என்று சொல்லி விற்ற மோசின்

போன இலையுதிர் காலத்தில் ஒஹையோவில் ஒரு கன் ஷோவில் (துப்பாக்கி விற்பனைக் கண்காட்சி) மோசின்-நகான் என்ற பழைய ரஷ்ய ராணுவத் துப்பாக்கி வாங்கினேன். 1942-இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது, பியூ ரக ஸ்கோப்புடன் (குறிபார்க்கும் தொலைநோக்கி). விற்றவர் சொன்னது: அப்பா கொரியப் போரில் இருந்து கொண்டுவந்த அசல் ஸ்னைப்பர், பாகங்களில் உள்ள வரிசை எண்களெல்லாம் ஒத்துப்போகும், போருக்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. 1,500 டாலர் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டால், "தனியாள் விற்பனைக்கு எதற்கு ரசீது?" என்றார். அப்போதே நகர்ந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு வளையத்தையும் தள்ளி, இரண்டு திருகையும் எடுத்து, குழலைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றினேன். குழலின் நுனியில் கறுப்பு மெழுகு அப்பியிருந்தது. துடைத்தால் இறக்குமதி நிறுவனத்தின் பெயர், பொடி எழுத்தில். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு இறக்குமதியாகும் துப்பாக்கிகளில் இந்த முத்திரை இருக்க வேண்டும். கொரியாவில் இருந்து ஒரு சிப்பாய் தூக்கிவந்ததில் இது எப்படி வரும்?

அப்புறம் ஸ்கோப் தாங்கி. பியூ தாங்கியை இரண்டு பெரிய திருகும் இரண்டு ஊசிகளும் பிடித்திருக்கும். என்னுடையதில் ஊசியே இல்லை. துளையின் மரை புத்தம் புதிதாக வெள்ளையாய் மின்னியது. சுற்றிலும் 80 வருடக் கறுப்பு. குழலின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டிய ஸ்கோப் எண்ணும் இல்லை. ஸ்னைப்பரில் வளைந்திருக்கும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கைப்பிடியின் அடியில் வெல்டிங் வைத்து அரம் போட்ட தடம் கைக்குத் தட்டுப்பட்டது. ஆக, ஸ்கோப் இல்லாத சாதாரண 91/30 ரக மோசினில் துளை போட்டு ஸ்னைப்பராக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நூறு டாலருக்கும் கீழே கிடைத்த துப்பாக்கி அது.

எண்கள் ஒத்துப்போனது உண்மைதான். ஆனால் போருக்குப் பிறகு சோவியத் பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் பிரித்து, பாகங்களைக் கலந்து, குழலின் எண்ணையே போல்ட்டிலும் மற்ற பாகங்களிலும் புதிதாக அடித்தார்கள். சதுரத்துக்குள் ஒரு சாய்கோடு இருந்தால் அப்படிப் புதுப்பித்தது என்று அர்த்தம். அந்தச் சின்னம் என் கண் முன்னாலேயே இருந்தது. பொருள் தெரியாமல் விட்டுவிட்டேன். புதுப்பித்தது என்பதில் எனக்கு வருத்தமே இல்லை, அவை நல்ல துப்பாக்கிகள். பொய் சொல்லி விற்றதுதான் ஆறவில்லை.

குழலுக்குள்ளும் ஏமாற்றுதான். ஷோவில் எண்ணெய் பூசிப் பளபளவென்று காட்டினார். துணி விட்டு நாலைந்து தடவை இழுத்தால் செம்பழுப்பாக வந்தது. உள்ளே முழுக்கத் துருக்குழி. பழைய சோவியத் தோட்டாவின் பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உப்பை விட்டுச்செல்லும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் அது ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்றுவிடும். ஆகவே வாங்கும் முன் உலர்ந்த துணியை உள்ளே விட்டு, அதன்பின் விளக்கடித்துப் பாருங்கள். கட்டையைக் கழற்றவும் அனுமதி கேளுங்கள். மறுத்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மறுநாள் கூப்பிட்டேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று வைத்துவிட்டார். அதன்பின் எடுக்கவே இல்லை.

போன வாரம் வேறொரு ஷோவில் அதே மனிதர், அதே பச்சைத் துணி விரித்த மேசை, இன்னொரு ஸ்கோப் வைத்த மோசின். கல்லூரி வயதுப் பையன் ஒருவன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய், "தம்பி, கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்" என்றேன்.