ஜீப்பின் 4.0 லீற்றர் எஞ்சின்: ஒழுகும், ஆனாலும் ஓடும்

என்னிடம் இருப்பது 1998 ஆம் ஆண்டு ஜீப் செரோக்கி. 2009 இல் வாங்கும்போது 186,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது, இப்போது 402,000. இடையில் தரைத் தகரத்துக்கு இரண்டு தடவை ஒட்டுப் போட்டாயிற்று. பிரேக் குழாய்கள் முழுவதும் புதுசு. கதவுகளின் அடிப்பக்கம் சல்லடை. ரொறொன்ரோவில் மாரிகாலம் முழுக்கத் தெருவில் கொட்டுகிற உப்பு எந்தத் தகரத்தையும் விட்டுவைக்காது. ஆனால் எஞ்சினின் தலையை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடி நிற்கும் பகுதியை, மட்டும் நான் இன்றுவரை கழற்றியதில்லை. அதனால் இது காருக்கான விமர்சனம் இல்லை, அதன் பொனற்றுக்குள் இருக்கும் அந்த ஆறு சிலிண்டர் இரும்புக்கட்டிக்கானது.

நான் மெக்கானிக் இல்லை. ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிப்ற் ஓட்டுகிறேன். கையில் ஒரு சொக்கெற் பெட்டியும் வீட்டு வாசலில் கொஞ்சம் இடமும் இருக்கிறவன், அவ்வளவுதான். இந்த எஞ்சின் அப்படிப்பட்ட ஆட்களுக்காகவே செய்ததுபோல இருக்கும்.

அமெரிக்கன் மோட்டோர்ஸ் என்று ஒரு கொம்பனி இருந்தது. அவர்கள் 1964 இலிருந்தே வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்களைச் செய்து வந்தார்கள். அந்தப் பரம்பரையின் கடைசிப் பிள்ளை இது. 1987 மொடல் ஜீப்புகளில் 173 குதிரைவலுவோடு வந்தது. அதே வருடம் கொம்பனியையே கிறைஸ்லர் வாங்கிவிட்டது. வாங்கியவர்கள் எஞ்சினைத் தூக்கி எறியவில்லை. 1991 இல் எரிபொருள் தெளிக்கும் முறையை மாற்றி 190 ஆக்கி, 2006 வரை ராங்லர் என்ற ஜீப் மொடலில் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அமைப்பில் நவீனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிலிண்டர்கள் இருக்கும் கட்டியும் வார்ப்பிரும்பு, தலையும் வார்ப்பிரும்பு. கேம் தண்டு கீழே கட்டிக்குள் இருக்கிறது, அங்கிருந்து நீளக் கம்பிகள் மேலே போய் வால்வுகளைத் தள்ளும். சிலிண்டருக்கு இரண்டே வால்வு. ரைமிங் பெல்ற் கிடையாது, சின்னதாய் ஒரு சங்கிலிதான். வால்வு இடைவெளி சரிபார்க்கும் வேலையும் இல்லை, அதை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்க் தண்டை ஏழு இடத்தில் பெயரிங் தாங்குகிறது. ஆறு பிஸ்ரன்களில் ஒன்றும் ஆறும் சேர்ந்து ஏறி இறங்கும், அதேபோல இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும். ஒரு சோடி ஏற்படுத்தும் உதறலை மற்றச் சோடிகள் விழுங்கிவிடும். அதனால் அதிர்வை அடக்கவென்று தனியாக ஒரு தண்டு தேவைப்படுவதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்ரியறிங்கில் கை வைத்தால், எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று சந்தேகம் வரும். அழுத்தி மிதித்தால் மட்டும் உழவு இயந்திரச் சத்தம். அதை நான் குறையாக எடுக்கவில்லை.

சரி, ஒழுக்கு. இந்த எஞ்சின் எண்ணெய் கசியும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 2012 இல் என் வாசலில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை விழத் தொடங்கியது. பக்கத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். காரை உயர்த்தி, எஞ்சினும் கியர்பொக்சும் சேரும் இடத்தில் சொட்டுவதைக் காட்டி, "பின் மெயின் சீல் போயிட்டுது, 900 டொலர்" என்றார்கள். கிராங்க் தண்டு எஞ்சினின் பின்பக்கத்தால் வெளியே வரும் இடத்தில் எண்ணெயை அடைக்கிற வளையம் அது. பேசாமல் திரும்பி வந்தேன். தெரிந்த ஒரு அண்ணை முப்பது வருடம் லொறி எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிட்டேன். அவர் கீழே குனியவே இல்லை. பொனற்றைத் திறந்து, எஞ்சினின் பின்மூலையில், தலைக்கு மேல் மூடியான வால்வ் கவரும் தலையும் சேரும் இடத்தில் விரலை விட்டுத் துடைத்தார். விரல் கறுப்பு.

"தம்பி, எண்ணெய் கீழயிருந்து மேல ஏறுமோ?"

அவ்வளவுதான் விசயம். வால்வ் கவருக்குக் கீழே எண்ணெயை அடைக்கிற காஸ்கெற் பின்பக்கம் கசிந்தால் எண்ணெய் எஞ்சினின் முதுகு வழியாக வழிந்து, சரியாகப் பின் மெயின் சீல் இருக்கிற இடத்தில் வந்துதான் சொட்டும். எண்ணெய் ஃபில்ரர் பொருந்துகிற அடப்ரருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்தாலும் இதே நாடகம். 45 டொலருக்கு காஸ்கெற் வாங்கி ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாற்றினேன். போல்ற்றை மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்க வேண்டும், வீரம் காட்டினால் முறியும். கறை நின்றது. உண்மையிலேயே மெயின் சீல் போனாலும் பயப்படத் தேவையில்லை. அது இரண்டு துண்டு. கியர்பொக்சை இறக்காமல், எண்ணெய்த் தட்டைக் கழற்றியே மாற்றலாம்.

சூடுதான் இதன் உண்மையான எதிரி. செரோக்கியின் முகம் தாழ்ந்தது, அதனால் றேடியேற்றரும் அகலமாய்க் குள்ளமாய் இருக்கும். தேவைக்கு மேலாகக் குளிர்விக்கும் பலம் அதற்கு இல்லை. பெல்ற்றில் சுற்றும் விசிறி ஒன்று, மின்விசிறி ஒன்று, இரண்டும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். நான் ஆறு வருடம் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், மாற்றாமல் விட்டவன். 2015 ஆகஸ்ட்டில் 401 நெடுஞ்சாலை நெரிசலில், வழமையாக 100 பாகையை ஒட்டி நிற்கும் முள் மெல்ல மெல்ல எழும்பியது. கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழுதாகப் போட்டுக்கொண்டு, வியர்த்து ஊற்ற அடுத்த வெளிவாசல் மட்டும் ஓட்டினேன். எஞ்சினின் சூட்டைக் காருக்குள் இழுக்கிற வேலை அது. பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிழை முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூலன்ற் மாற்றுகிறேன், முள் திரும்ப அசையவில்லை.

மற்றது கிராங்க் சென்சர். ஒரு தை மாதக் காலை, மைனஸ் 22. ஸ்ராற்றர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை. கிராங்க் தண்டு எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சர் செத்தால் இப்படித்தான். சாமான் சின்னது, இடம்தான் கொடுமை. கியர்பொக்ஸ் மூடியின் உச்சியில் இரண்டு 11 மில்லிமீற்றர் போல்ற். மல்லாக்கப் படுத்து, நீட்டிக் கம்பிகளை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டடி நீளத்துக்கு மேலே விட வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ற் நழுவி மூடிக்குள் விழுந்தால் வேறு கதை. சொக்கெற்றுக்குள் ஒரு துண்டு நாடாவை ஒட்டி போல்ற்றை இறுக்கிப் பிடிக்க வைத்தேன். அப்படியும் நாலாம் தரம்தான் பொருந்தியது. மலிவு என்று ஏதோ ஒரு கடையில் வாங்கிய சென்சர் நாலு மாதத்தில் செத்ததால், அதே வேலையைத் திரும்பவும் செய்தேன். சென்சரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

எண்ணெய் 5.7 லீற்றர் பிடிக்கும், 10W-30. நான் 6,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். சூடான எஞ்சின் சும்மா ஓடும்போது எண்ணெய் அழுத்த முள் கீழே சரிவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. நிமிடத்துக்கு 600 சுற்றில் அழுத்தம் 13 பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்று கையேடே சொல்கிறது.

வாங்க நினைக்கிறவர்கள் 2000, 2001 வருடத்துச் செரோக்கி என்றால் வால்வ் கவருக்கு அடியில் தலையில் 0331 என்ற வார்ப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தலைகளில் பல, மூன்றாம் நாலாம் சிலிண்டர்களுக்கு நடுவே வெடித்துக் கூலன்ற்றை எண்ணெயில் கலந்தன. எண்ணெய் மூடியைத் திறந்தால் பால்தேத்தண்ணி நிறம் தெரிந்தால் நடையைக் கட்டுங்கள். நான் 98 ஐத் தேடி வாங்கியது இதற்காகத்தான்.

பெற்றோல் குடிக்கும். நகரத்துக்குள் என் கணக்கில் நூறு கிலோமீற்றருக்கு 16 லீற்றர். "இந்தத் தகரப் பெட்டிக்கு இன்னும் எவ்வளவு காசைக் கொட்டப் போறீங்கள்?" என்று மனிசி கேட்பது இந்த ஒரு விசயத்தில் நியாயம்.

போன கிழமை வாசலில் திரும்பவும் ஒரு சின்னக் கறை. விரலை விட்டுப் பார்த்தேன், அதே பின்மூலை. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் தாங்கிய காஸ்கெற். புதுசு ஒன்று வாங்கி அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறேன், பனி கரையட்டும்.