குதிரையேறும் பிள்ளைகளைப் படமெடுக்க: 55-250 ஜூமா, 85 பிரைமா?

அக்கா மகள் மாதவரம் பக்கம் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். அவளைப் படமெடுக்கத்தான் என் கேனன் 200டி கேமராவுக்கு இன்னொரு லென்ஸ் தேடினேன். கூடவே வந்த 18-55 வேலிக்கு வெளியே நின்றால் எதற்கும் எட்டவில்லை. கடைசியில் இரண்டுதான் மிஞ்சின: 55-250 எஸ்டிஎம் ஜூம், 85 எம்எம் எஃப்1.8 பிரைம். எம்எம் எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; ஜூமில் அதை மாற்றலாம், பிரைமில் மாற்ற முடியாது. எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம் வரும். பிரைமை நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். காசு போட்டு வாங்கியது ஜூமை. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

எடையில் பெரிய வித்தியாசமில்லை; ஜூம் 375 கிராம், பிரைம் 425. ஃபில்டர் அளவு இரண்டுக்கும் 58 எம்எம். பின்னணி கரைந்து நிற்கும் அழகில் 85தான் மேல், அதில் பேச்சே இல்லை. மறுவிற்பனையிலும் அதற்கே மதிப்பு. ஜூமைப் பலர் கேமராவோடு சேர்ந்த இரட்டை லென்ஸ் கிட்டில் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா போட்டிருப்பார்கள். அதனால் விற்கும்போது விலை போகாது; பழையதாக வாங்குபவருக்கு அதுவே லாபம். வாங்கும்போது எஸ்டிஎம் (புதிய வகை ஃபோகஸ் மோட்டார்) என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது இல்லாத பழைய 55-250களும் உண்டு. எண்ணூர்ப் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றும் ஈரமும் இரண்டுக்குமே எதிரிதான். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

சரி, தீர்மானித்தது எது என்றால், தூரம்.

கல்யாண வீட்டில் இரண்டடி முன்னால் போய் எடுத்துவிடலாம். பயிற்சித் திடலில் அது நடக்காது. மாஸ்டர் உள்ளே விடமாட்டார், விட்டாலும் போகக்கூடாது. திடீரென்று குறுக்கே ஓர் ஆள் ஓடினால் குதிரை மிரளும், மேலே உட்கார்ந்திருப்பது சின்னப் பிள்ளை. ஆக நாம் நின்ற இடத்திலேயே நிற்க, குதிரைதான் சுற்றிச் சுற்றி வரும். டிரெஸ்ஸாஜ் என்ற குதிரை நடைப் பயிற்சிக்கான சின்னத் திடல் 20க்கு 40 மீட்டர். குறுகிய பக்கத்தில் நின்றால் குதிரை ஒரு சமயம் பக்கத்தில் உரசிப் போகும், கொஞ்ச நேரத்தில் 40 மீட்டர் தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தில் 85 என் கேமராவில் பத்து மீட்டர் அகலத்துக்குக் காட்டும். குதிரையும் பிள்ளையும் நடுவில் சின்னதாகத் தெரிவார்கள். 250 வைத்தால் மூன்றரை மீட்டர் அகலம், குதிரை ஃபிரேமை நிறைத்து நிற்கும். அதே குதிரை ஒன்பது மீட்டருக்கு வந்தால் 85இல் குளம்பு வெட்டுப்படும், ஜூமை 55க்குத் திருப்பினால் முழுதாக அடங்கும்.

தள்ளி நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கிட்டே போய் எடுத்தால் குதிரையின் தலை பூதமாகவும் பின்பக்கம் சூம்பியும் தெரியும். இருபது மீட்டர் தள்ளி நின்று இழுத்து எடுத்தால் உருவம் அளவாக வரும்.

வெளிச்சத்தில் 85 ஜெயிக்குமே என்பீர்கள். கணக்குப்படி 250இல் ஜூம் தரும் எஃப்5.6ஐ விட எஃப்1.8இல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி வரும். ஆனால் ஐந்து மீட்டரில் எஃப்1.8 வைத்தால் தெளிவாக இருப்பது ஒரு சாண் சொச்சம்தான். நேரெதிரே வரும் குதிரையின் கண்ணுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் நடுவே அதைவிடத் தூரம் அதிகம். இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்4, எஃப்5.6 என்று இறங்கியாக வேண்டும். அப்புறம் அந்தப் பத்து மடங்கு எங்கே? வெயிலுக்குப் பயந்து வகுப்பு காலையிலேயே தொடங்குவதால் முதல் அரைமணி நேரம் ஜூமில் ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் அளவை) 3200 வரை ஏற்றுகிறேன். கொஞ்சம் புள்ளிகள் தெரியும், பரவாயில்லை. டிராட்டுக்கு (குதிரையின் துள்ளு நடைக்கு) ஷட்டர் 1/500 வினாடி போதும். வெளிப்பக்க முன்கால் முன்னே போகும்போது பிள்ளை சேணத்திலிருந்து எழுவாள்; அந்த நொடிக்குக் காத்திருந்து அழுத்துகிறேன். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்கு 1/1000 வேண்டும். தடை தாண்டுவதை நான் அதிகம் எடுத்ததில்லை, அதற்கு இந்த ஜூமின் ஃபோகஸ் ஈடுகொடுக்குமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

85க்கு உரிய இடம் லாயம். தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் குதிரைக்கு பிரஷ் போடும்போது ஜூம் திணறும், ஃபிளாஷும் அடிக்கக்கூடாது, குதிரை மிரளும். ஆனால் அங்கே இடமே குறுகல். 85ஐ விட 50 எம்எம் எஃப்1.8 வசதி, விலையும் குறைவு. அடுத்து அதைத்தான் வாங்கப்போகிறேன். மற்ற பிள்ளைகளை எடுக்கும் முன் அவர்கள் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு வகுப்பு மாலை விளக்கொளியில் என்றாலோ, திடல் மிகச் சின்னது என்றாலோ, நான் சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு 85ஐயே வாங்கலாம்.